மடை மாமா பதில்கள்

மாதம் ஒருமுறை மீன் தொட்டியின் கேனிஸ்டர் ஃபில்டரைக் கழுவக் கழற்றுகிறேன். மாதம் ஒருமுறை கூடம் குளமாகிறது. பரிகாரம் உண்டா?
— ‘ஈரப்பாதம்’, வில்லியனூர்

உண்டு, கோயிலில் இல்லை, மீன் கடையில். இரட்டைத் திருகு இணைப்பு என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனித் திருகு, நடுவில் கழலும் மரை. தண்ணீர் போகிற குழாய்க்கு ஒன்று, வருகிற குழாய்க்கு ஒன்று. மூடிவிட்டுக் கழற்றினால் நடுவில் தேங்கிய ஒரு கரண்டித் தண்ணீர்தான் சிந்தும். ஏரிக்கே மதகு வைத்த சீமைக்காரர் நீங்கள், தொட்டிக்கு வைக்கக் கூடாதா?

ஒரு பக்கம் மட்டும் திருகு வைத்தால் செலவு மிச்சம்தானே மாமா?
— ‘சிக்கனம்’, கிருமாம்பாக்கம்

தாராளமாக. தொட்டித் தண்ணீர் வராது, ஃபில்டர் தண்ணீர் மட்டும் வரும். பாதி மொட்டை போட்டுக்கொள்ளவும் ஆள் இருக்கத்தான் செய்கிறது.

கடைக்காரர் ‘12/16’ என்கிறார். இது என்ன, பட்டா எண்ணா?
— குழம்பியவர், கூடப்பாக்கம்

குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16. இணைப்பின் பல் உள்ளே நுழைகிறது, ஆகவே 12தான் பேசும். அரை இஞ்ச் தோட்டக் குழாய் 12.7. அதுவும் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். கிட்டத்தட்டப் பொருந்தியதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கழன்று விழும். பழைய குழாயில் ஒரு சாண் வெட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். விரலை வீட்டில் வைத்துவிட்டு மோதிரம் வாங்குவார்களா?

குழாய் முனை ஏற மறுக்கிறது. எண்ணெய் தடவவா?
— ஒதியம்பட்டு வாசகி

தடவம்மா. வழுக்கிக்கொண்டு ஏறும், அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் முனையை அரை நிமிடம் முக்கி எடு. இளகியதும் சூட்டோடு முறுக்கி ஏற்று, ஆறினால் தானே இறுகும். மேலே ஒரு கிளிப். வில்லியனூர் தேர் வடத்தைப் பிடிக்க ஆளுநரே வருகிறார், பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம். உன் குழாயைப் பிடிக்கக் கிளிப்பை விட்டால் நாதியில்லை.

பித்தளை இணைப்பு உறுதியாக இருக்கிறதே, மாட்டலாமா? தொட்டியில் குட்டி இறால் வளர்க்கிறேன்.
— பாகூர் மாணவர்

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. நிருபதுங்க பல்லவன் உங்கள் ஊர்க் கல்லூரிக்கு மூன்று கிராமம் எழுதிக் கொடுத்த செப்பேடு, ஆயிரம் வருஷம் தாண்டி 1879-இல் கிடைத்தது. சாசனத்துக்குச் செம்பு அமிர்தம், இறாலுக்கு விஷம். பிளாஸ்டிக்கே போதும் தம்பி.

ஆர்.ஓ. மெஷினின் கால் இஞ்ச் அழுத்து-இணைப்பு அழகாக ‘டக்’கென்று மாட்டுகிறது. அதையே போட்டால்?
— ‘டக் மன்னன்’, அரும்பார்த்தபுரம்

விட்டம் பாதியானால் வழி கால்பங்கு. ஃபில்டர் மூச்சுத் திணறும். மீனுக்குச் சொட்டு மருந்தா போடப்போகிறீர்?

திரும்ப மாட்டியதும் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்கிறேன். தவறா?
— கன்னியகோயில் வாசகர்

உறிஞ்சுவதற்கென்றே கடலூர்க்காரர்கள் பஸ் ஏறி வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மீன் மூத்திரத்தையா ஐயா? ஃபில்டரை நிரப்பிவிட்டு மாட்டுங்கள், மேல் குமிழ் இருந்தால் நாலு அழுத்து அழுத்துங்கள்.

ஓ-ரிங் காய்ந்து கசிகிறது. வாசலின் தடவினேன், மேலும் கசிகிறது.
— சேலியமேடு

வாசலின் உதட்டுக்கு. பல ரகம் ரப்பர் அதைக் குடித்து உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். அதற்கு முன்னால் வளையம் உட்காரும் பள்ளத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாய் உதிர்ந்தால் போர் தண்ணீரின் உப்பு, எலுமிச்சைச் சாற்றில் கரையும். கசிவுக்குப் பாதி நேரம் வளையம் குற்றவாளியே இல்லை.

குழாய் கழன்றுவிட்டால் எவ்வளவு தண்ணீர் போகும்?
— பயந்தவர், மங்கலம்

90-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி என்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்க நாலு லிட்டர். உறிஞ்சும் குழாய் அடி வரை போயிருந்தால் மீனுக்கு மிஞ்சுவது சேறு. நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே அந்தக் குழாயில் சின்ன ஓட்டை போடுங்கள். மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். இந்த ஓட்டையின் அருமை எனக்குத் தெரிந்த மறுநாள், எங்கள் வீட்டுப் பாயை மாடியில் காயப்போட்டோம்.

புது இணைப்பு மாட்டியாயிற்று. நம்பித் தூங்கலாமா?
— ஊசுடு வாசகர்

இன்றைக்கு வேண்டாம். இணைப்புக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் ராசிபலன் பக்கம் நனையாமல் இருந்தால், எந்த ராசியானாலும் உங்களுக்கு நல்ல நேரம்தான்.