மோகனுக்கு ஏன் மன்னிப்பு?

கேள்வி: ‘ரத்தக் கண்ணீர்’ படத்து மோகனசுந்தரம் செய்யாத பாதகமில்லை, ஆயினும் ஜனங்கள் அவனை வெறுக்கவில்லையே, ஏன்?

பதில்: சீமை மோகத்தால் தாயை அவமதித்து, மனைவி சந்திராவைப் புறக்கணித்து, தாசி காந்தாவின் காலடியில் சர்வ ஐசுவரியத்தையும் கொட்டி, முடிவில் குஷ்டம் பீடித்துக் கண்ணும் இழந்து வீதிக்கு வந்த பின்னும், அவனாக நடித்த எம். ஆர். ராதாவின் அந்தக் கரகரத்த குரலில் ஊராரைப் பரிகசிப்பதை மட்டும் அவன் விட்டானில்லை. தண்டனை அவனுக்கு, சிரிப்பு நமக்கு என்றானபின் துவேஷம் எங்ஙனம் பிறக்கும்? அன்றியும், மனைவியை நண்பன் பாலுவுக்கே மணமுடித்து வைத்து, பிறர் பார்த்துத் திருந்தத் தனக்கொரு சிலை வைக்கச் சொல்கிறான். சற்குணத்துக்காகச் சிலை வேண்டுவோர் மலிந்த தேசத்தில், துர்க்குணத்துக்காகச் சிலை கேட்ட ஒரே யோக்கியனை, படம் வந்த 1954-லிருந்து இன்றுவரை, எப்படி ஐயா வெறுப்பது?