சர்வீஸ் நம்பர்

ஊருக்கு ஒரு பட்டாளத்தார் உண்டு. நிஜமாகவே பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ரேஷன் கடையில் நமக்குப் பின்னால் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், இன்னார் என்றே தெரியாது. நான் சொல்லுகிறவர் வரிசையில் நிற்க மாட்டார். தொண்டையைச் செருமி, "மிலிட்டரி" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி நேரே முன்னால் போய்விடுவார்.

எங்கள் பத்தமடைப் பட்டாளத்தாருக்கு டீக்கடைப் பெஞ்சில் இடது ஓரம் பாத்தியதை. அங்கே இருந்தால்தான் சேரன்மாதேவி பக்கமிருந்து வருகிறவர்கள்மேலும் ஒரு கண் வைக்க முடியுமாம். முறுக்கிய மீசை. கத்திரி வெயிலிலும் கழற்றாத பச்சைத் தொப்பி. கையில் குடை. மழைக்கு விரித்து யாரும் பார்த்ததில்லை, தோளில் சாய்த்துத்தான் பார்த்திருக்கிறோம். வீட்டுத் திண்ணையில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி கிடக்கும். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் யாரோ ஒருவருடைய பெயர் இருந்து, சுரண்டப்பட்டிருக்கிறது. கேட்டால், "பாதுகாப்புக் காரணம்வே" என்பார்.

பத்தமடைக்காரர்களை ஏய்ப்பது லேசு இல்லை. ஒரு கோரையை விரலில் உருட்டிப் பார்த்தே, இது ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறினதா, தொட்டியில் நனைத்து எடுத்ததா என்று சொல்லிவிடுகிற கைகள் இங்கே இருக்கின்றன. பட்டுப்பாய் என்று ரயில்வே பிளாட்பாரத்தில் விற்பதை இருபது அடி தூரத்திலிருந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அப்பேர்ப்பட்ட ஊர், முப்பது வருஷமாக இவரை மட்டும் விரலில் உருட்டிப் பார்க்கவே இல்லை. ஏன் என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

அவர் கலந்துகொண்ட யுத்தங்கள் மூன்று. 1962 சீனா, 1971 பாகிஸ்தான், 1999 கார்கில். எங்கள் பெஞ்சின் வலது ஓரத்தில் ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர் உட்காருவார். சர்வீஸில் இருந்த காலத்தில் வாக்காளர் பட்டியல் வேலையாக வீடு வீடாகப் போனவர். பட்டாளத்தார் பிறந்த வருஷம் 1955 என்பது அவருக்கு மனப்பாடம்.

"அண்ணாச்சி, 62-ல உங்களுக்கு ஏழு வயசுலா?"

"பாய்ஸ் கம்பெனி சார்வாள்."

"ஏழு வயசுலயா?"

"எமர்ஜென்சிலா! கெடச்ச ஆளையெல்லாம் எடுத்தான்."

வாத்தியார் விடவில்லை. 62-ல் பதினெட்டு வயது என்றே வைத்துக்கொண்டாலும் 99-ல் ஐம்பத்தைந்து ஆகிறது. சாதாரணச் சிப்பாய் பதினைந்து வருஷம் முடித்தாலே பென்ஷனுக்குத் தகுதி வந்து, நாற்பதை ஒட்டி வீட்டுக்கு வந்துவிடுவானே என்று டம்ளரின் அடிப்பக்கத்தால் பெஞ்சில் வட்டம் போட்டுக் காட்டினார். பட்டாளத்தார் அந்த வட்டத்தை இரக்கத்தோடு பார்த்தார். "சார்வாள், நீங்க கணக்கு. நான் சரித்திரம்."

சீன யுத்தக் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. எங்கள் ஊரிலிருந்து வடக்கே போய்ப் பெயர் வாங்கியவர் சுவாமி சிவானந்தர். 1887-ல் இங்கே பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, அப்புறம் ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்டவர். எல்லைக்குப் போகிற வழியில் பட்டாளத்து லாரி ரிஷிகேசத்தில் நின்றதாம். சுவாமிகள் கூட்டத்துக்குள் இவரைப் பார்த்து, "பத்தமடைப் பயலா?" என்று கேட்டுத் திருநீறு கொடுத்தாராம். வாத்தியார் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தார். சண்டை நடந்தது 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. சிவானந்தர் சமாதியானது 1963 ஜூலை. தேதி இடிக்கவில்லை. வாத்தியாருக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

1971 கதை முழுக்கப் பாலைவனம். ராஜஸ்தானில் லோங்கேவாலா என்ற சாவடி. டிசம்பர் 4 ராத்திரி நாற்பதுக்கு மேற்பட்ட டாங்கிகளோடு பாகிஸ்தான் படை வந்தது. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் நூற்றிருபது பேர்போல விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். விடிந்ததும் நம் ஹண்டர் விமானங்கள் வந்து டாங்கிகளைப் பொறுக்கிப் பொறுக்கி அடித்தன. இதெல்லாம் நடந்ததுதான். பட்டாளத்தார் சொல்லும்போது டீ ஆறிப்போகும், அப்படிச் சொல்லுவார். ஒரே ஒரு உறுத்தல். 1997-ல் 'பார்டர்' என்ற இந்திப் படம் வருகிறவரைக்கும் அவர் பாலைவனம் என்ற வார்த்தையையே உச்சரித்ததில்லை. இன்னொன்று, அங்கே இருந்தது பஞ்சாப் ரெஜிமெண்ட். இவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்.

"அட்டாச்மெண்ட்ல போயிருந்தேன்" என்றார்.

கார்கிலுக்கு அவர் போகவில்லை. போன் வந்தது. டெல்லியிலிருந்து ஒரு மேஜர், நம்ம ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டு யோசனை கேட்டாராம். பூத்துக்காரருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பம்பாயிலிருந்து இவருடைய மச்சினர் பேசினார், கேட்டது யோசனை இல்லை, கைமாற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே கார்கிலில், 1999 மே 29-ந் தேதி, படாலிக் பகுதியில் இறந்துபோன திருச்சி மேஜர் சரவணனைப் பற்றிப் பேச்சு வந்தால் பட்டாளத்தார் கதை எதுவும் விட மாட்டார். உடலை மீட்டுக்கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்று யாராவது சொல்வார்கள். இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். வழுக்கைத் தலையை நாங்கள் பார்க்கிற சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

காயத்துக்கு வருவோம். வலது கெண்டைக்காலில், பின்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு. லோங்கேவாலா குண்டு. அவருடைய அக்காளைக் கேட்டால், சின்ன வயசில் ஆற்றங்கரையில் கோரை அறுக்கிற இடத்தில் ஓடி விளையாடி அரிவாளில் மிதித்ததாகச் சொல்லுவாள். எங்களுக்கு அரிவாள் பிரச்சினை இல்லை, 'பின்பக்கம்' தான் பிரச்சினை. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் முதுகிலும் புண் ஏற்படுத்திவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் பிறந்த மொழி இது. புறப்புண்ணை எப்படிக் காட்டிக்கொண்டு திரிகிறீர் என்று வாத்தியார் கேட்டே விட்டார்.

பட்டாளத்தார் கண்ணிமைக்கவில்லை. "நான் எதிரியத் தாண்டிப் போயிட்டேன் சார்வாள். அவன் எனக்குப் பின்னால நின்னான். பின்ன எங்க படும்?"

இந்தி விஷயத்தில் மட்டும் ஒருமுறை சிக்கப் பார்த்தார். முன்பெல்லாம் கவலை இல்லை. அவர் "ஆகே பட்", "ஜல்தி" என்று நாலு வார்த்தையை உறுமினால் அதுதான் இந்தி. இப்போது பரோட்டா அடிக்க பீகாரிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். அவனுடைய மாமா பட்டாளத்தில் இருக்கிறாராம். ஆசையாக இவரிடம் வந்து என்னவோ நீளமாகக் கேட்டான். கடை முழுக்க நிசப்தம். கல்லில் பரோட்டா கருகிற்று. பட்டாளத்தார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எங்க ரெஜிமெண்ட்ல தமிழ்தான்வே. கோஷமே தமிழ்தான்: வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" இதுவும் உண்மை. 1758-ல் தொடங்கின ரெஜிமெண்டுக்கு, வெலிங்டனில் இன்றைக்கும் அதுதான் போர்முழக்கம். பையன் பயந்துபோய் உள்ளே போய்விட்டான்.

அவருடைய சூட்சுமமே இதுதான். பத்தில் ஒன்பது உண்மை. பொய் ஒன்றே ஒன்று, அவர் அங்கே இருந்தார் என்பது.

ஊர் நிஜமாகவே சந்தேகப்பட்டது கேண்டீன் விஷயத்தில்தான். பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றால் மாசத்துக்கு ஒருதடவை மிலிட்டரி கேண்டீனுக்குப் போய் ரம் வாங்கி வருவார். பக்கத்து வீட்டு உறவுகள் பலப்படும். இவர் முப்பது வருஷத்தில் ஒரு பாட்டில்கூடக் கொண்டுவந்ததில்லை. கேட்டதற்கு, "கோட்டாவ நாட்டுக்கே விட்டுக் குடுத்துட்டேன்" என்றார். சீனாவை நம்பினோம், டாங்கியை நம்பினோம். இதை நம்ப ஒரு ஆள் இல்லை.

நவம்பர் வந்தால், பென்ஷன்காரர்கள் உயிரோடிருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கப் போகிற மாசம், இவரும் சலவை வேட்டி கட்டித் திருநெல்வேலி பஸ் ஏறுவார். வேலை காலையிலேயே முடிந்துவிடுமே, ஏன் ராத்திரி ஏழு மணிக்கு வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. வரும்போது எல்லாருக்கும் இருட்டுக்கடை அல்வா வரும். அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும். வருஷா வருஷம் ஒருத்தர் ஊருக்கே, இவ்வளவு வெளிப்படையாக, நெய் சொட்டச் சொட்ட அல்வா கொடுத்துவிட்டுப் போவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெஞ்சின் நடுவில் ஒருவர் உட்காருவார். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவரும் சொல்ல மாட்டார். அசல் ஹவில்தார். 1987-லிருந்து 1990 வரை அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிய படை. கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அப்புறம் காஷ்மீரிலும் இருந்திருக்கிறார். பேச வைத்தால் லீவு கிடைக்காததைப் பேசுவார், ஜம்முவில் ஏறி ரிசர்வேஷன் இல்லாமல் கக்கூஸ் கதவோரமாக மூன்று நாள் உட்கார்ந்து வந்ததைப் பேசுவார். துப்பாக்கி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பட்டாளத்தாரின் யுத்தங்களை முப்பது வருஷமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே ஒருமுறை குறுக்கிட்டார். பனிமலை உச்சியில் சுடச்சுடச் சோறு வடித்துத் தின்றோம் என்று பட்டாளத்தார் சொன்னபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அங்க சட்டியில சோறு வேகாதுவே. குக்கர் வேணும்."

அவ்வளவுதான். போன ஆளுக்கும் போகாத ஆளுக்கும் நடுவே உள்ள தூரம் முழுதும் அந்த நாலைந்து வார்த்தைக்குள் இருந்தது. பட்டாளத்தார் ஒரு நிமிஷம் திகைத்து, "குக்கர்லதான்" என்றார்.

பிறகு ஹவில்தாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று. "டீக்காசு அவருதாம்லா குடுக்காரு" என்றார்.

சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று வாத்தியார் தேடினார். படைவீரன் உடுப்பைப் பொய்யாக மாட்டிக்கொண்டு நம்பவைக்கப் பார்த்தால் மூன்று மாசம் வரை ஜெயில். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140-வது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. ஆனால் டீக்கடைப் பேச்சுக்குப் பிரிவு இல்லை. அமெரிக்காக்காரன் போட்டுப் பார்த்தான். 2006-ல் சட்டம் கொண்டுவந்தான். கலிபோர்னியாவில் சேவியர் அல்வாரெஸ் என்று ஒருவர், 2007-ல் ஒரு தண்ணீர் வாரியக் கூட்டத்தில், தனக்கு நாட்டின் உச்ச வீர விருது கிடைத்ததாக எழுந்து சொன்னார். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-ல், பொய் சொன்னதற்காக மட்டும் ஒருத்தனைத் தண்டிக்க முடியாது என்று சட்டமே விழுந்தது. மறுவருஷம், பொய்யால் பணமோ பலனோ பெற முயன்றால்தான் குற்றம் என்று வேறு சட்டம் எழுதினார்கள். தண்ணீர் வாரியம் என்றதும் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர்த் தகராறு வந்தால் இங்கேயும் முதல் ஆளாக எழுந்து, "எல்லையில நின்னவன் சொல்லுதேன்" என்று ஆரம்பிப்பவர் இவர்தான். பொய் பட்டாளத்துக்கு வெளியேதான் என்றும் நினைக்க வேண்டாம். 2003-ல் அசாமில் ஒரு கர்னல், ஆட்களைப் படுக்கவைத்துத் தக்காளி சாஸ் ஊற்றிப் படமெடுத்து, தீவிரவாதிகளைக் கொன்றதாகக் கணக்குக் காட்டி மாட்டிக்கொண்டார். எங்கள் ஆள் அந்த அளவுக்குச் செலவு செய்ததில்லை.

கடைசியில் வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்தார். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பேரை மறந்தாலும் தன் நம்பரை மறக்க மாட்டான் என்பார்கள். அதைக் கேட்டுவிடுவது, பாளையங்கோட்டைப் பக்கம் போகும்போது முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துவிடுவது.

"அண்ணாச்சி, உங்க சர்வீஸ் நம்பர் என்ன?"

பெஞ்சு மூச்சைப் பிடித்தது. பட்டாளத்தார் டம்ளரைக் கீழே வைத்தார், மீசையைத் தடவினார், கடகடவென்று ஒப்பித்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. வாத்தியார் கை நடுங்கப் பழைய பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். அதே நம்பர். முப்பது வருஷத்தில் முதல்முறையாக வாத்தியார் முகத்தில் குற்ற உணர்ச்சி பார்த்தேன்.

மறுநாள் காலை, அந்தச் சீட்டை எங்களிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, கரண்டு ரீடிங் எடுக்கிற தம்பி டீ குடிக்க வந்தான். எட்டிப் பார்த்தான்.

"இந்த சர்வீஸ் நம்பரா சார்? நம்ம மிலிட்டரிக்காரர் வீட்டு கனெக்ஷன்லா. பில்லு இன்னும் கட்டல. நாளைக்குள்ள கட்டலேன்னா பீஸ்கட்டைய உருவிருவோம்."

ஹவில்தார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குடித்த டீ மூக்கில் ஏறிற்று. வாத்தியார் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பட்டாளத்தார் வந்து இடது ஓரத்தில் உட்கார்ந்தார். குடையைத் தோளில் சாய்த்தார்.

"என்ன சார்வாள், நம்பரு சரிதானா?"

"சரிதான் அண்ணாச்சி. விசாரிச்சாச்சு."

"என்ன சொன்னான்?"

"பாக்கி இருக்காம்."

பட்டாளத்தார் பெருமூச்சு விட்டார். "இருக்கத்தாம்வே செய்யும். இந்த கவர்மெண்டு என்னைக்கு நமக்கு ஒழுங்காக் குடுத்துருக்கு?" என்றுவிட்டு, உள்ளே பார்த்து எல்லாருக்கும் டீ சொன்னார்.