முன்னிருக்கை வழக்கு: கேளிக்கைப் பூங்காவில் உடன்பிறந்தார் நிலை குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

உடன்பிறந்தார் இருவர், தத்தம் குடும்பத்தாரை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு, அயல்நாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் காலை முதல் மாலை வரை சேர்ந்திருக்கும்போது, அவர்களிடையே உரிமையும் கடமையும் பழியும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கேளிக்கைப் பூங்கா என்பது, திரைப்படங்களையோ கதைகளையோ கருவாகக் கொண்ட மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, நுழைவுக் கட்டணம் செலுத்தியவர் உள்ளிருக்கும் இயந்திரங்களில் ஏறத்தக்கதாகவும், ஏறி அமர்ந்து கம்பி பூட்டப்பட்டபின் ஏன் ஏறினோம் என்று எண்ணத்தக்கதாகவும் அமைந்த இடமாகும். உடன்பிறந்தார் என்னும் சொல், ஒரே வீட்டில் ஒரே சன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்களை மட்டுமே இங்குக் குறிக்கும். பெரியப்பா, சித்தப்பா மக்கள் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக நடந்துகொள்வதால் இவ்வாய்வுக்குப் பயன்படார். வசதி கருதி, நாற்பது வயதைக் கடந்த அக்காளும் தம்பியும் கொண்ட இணையே மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பிறப்பு வரிசை ஒருவரின் இயல்பைத் தீர்மானிக்கிறதா என்னும் வினா புதியதன்று. பிரான்சிஸ் கால்டன் 1874இல் ஆங்கிலேய அறிவியலாளர்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களுள் மூத்த மைந்தர் மிகுந்திருந்ததைச் சுட்டினார். தம் வீட்டின் இரண்டாம் பிள்ளையான வியன்னா உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர், மூத்த பிள்ளை என்பது அடுத்த பிள்ளையின் வரவால் அரியணையை இழந்த பிள்ளை என்று விளக்கினார். இவற்றுக்கு மாறாக, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அறிவுத்திறனில் காணப்பட்ட மிகச் சிறிய வேறுபாடு போன்றவை நீங்கலாக, பிறப்பு வரிசைக்கும் ஆளுமைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று முடிவு கூறியது. அம்முடிவை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும் அத்தகைய ஆய்வுகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்தனவேயன்றி, மூத்தவரையும் இளையவரையும் வெயிலில் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிறுத்தி அளக்கவில்லை. மூத்தவர் என்பது ஓர் ஆளின் குணமன்று, இருவரும் சேர்ந்த இடத்தில் மட்டுமே தலைகாட்டும் நிலை என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

2. களம்

ஆய்வுக்குரிய களம் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010இல் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவாகும். இதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு அது. ஆகவே, என்ன திட்டினாலும் சுற்றியிருப்போருக்குப் புரியாது என்று பிற அயல்நாடுகளில் கிடைக்கும் சலுகை அங்குக் கிடைப்பதில்லை. பின்னால் நிற்பவர் தமிழர் கூடும் தேக்காவில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவராக இருக்கக்கூடும் என்னும் அச்சத்தால் சண்டை அடங்கிய குரலில் நடைபெறுகிறது, அடங்கிய குரலில் நடைபெறும் சண்டையோ நீண்ட நேரம் நடைபெறுகிறது. இரண்டாவது காரணம் பூங்காவின் அமைப்பு. நடுவில் ஏரியும் அதைச் சுற்றி மண்டலங்களும் இருப்பதால், உள்ளே நுழைந்தவுடனேயே வலப்புறம் செல்வதா இடப்புறம் செல்வதா என்னும் முதல் வழக்கு எழுந்துவிடுகிறது. கோயிலைப் போல ஏரியையும் வலமாகவே சுற்றவேண்டும் என்பது அக்காளின் நிலைப்பாடு. எல்லாரும் போகும் திசைக்கு எதிர்த்திசையில் போனால் கூட்டம் குறைவு என்று யூடியூபில் ஒருவர் சொன்னதாகத் தம்பி சான்று காட்டுவார். இவ்வழக்கில் வென்றவரே அன்றைய நாளின் எல்லாக் காத்திருப்புகளுக்கும் பொறுப்பாளியாக்கப்படுவார் என்பதை இருவரும் முன்கூட்டியே உணராமை வியப்புக்குரியது.

3. வரிசை

வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, ஒரு மணிநேரத்தில் வந்து சேர்வோரின் தொகையை ஒவ்வொருவரும் சராசரியாக நிற்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பதை ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் இயந்திரத்தின் வாயிலில் 90 நிமிடம் என்று பலகை காட்டுமாயின், முன்னால் சுமார் 1,500 பேர் நிற்கின்றனர் என்பது இதன் பயன். இக்கணக்கைத் தம்பி வரிசையில் நின்றபடியே கைப்பேசியில் போட்டுக் காட்டுவார். "அதான் எட்டு மணிக்கே கிளம்பலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்பதே லிட்டிலின் விதிக்கு அக்காள் வரையும் உரையாகும்.

காத்திருப்பின் உளவியலை 1985இல் ஆராய்ந்த டேவிட் மைஸ்டர், சும்மா நிற்கும் நேரம் ஏதேனும் செய்துகொண்டு நிற்கும் நேரத்தினும் நீண்டதாகத் தோன்றும் என்றும், தனியே நிற்பது கூட்டமாக நிற்பதினும் நீண்டதாகத் தோன்றும் என்றும் கூறினார். உடன்பிறந்தாரை இவ்விதிகளுக்குள் அடக்குவது எளிதன்று. அவர்கள் சும்மா நிற்பதில்லை. ஆன்டெனாவை வளைத்தது யார், அதற்கு அடி வாங்கியது யார், அம்மா யாருக்குப் பொரியலை மிகுதியாக வைத்தார் என்பன போன்ற நிலுவை வழக்குகளை ஒவ்வொன்றாக விசாரணைக்கு எடுக்கின்றனர். இவ்விசாரணையால் நேரம் குறைவதாகத் தோன்றுகிறதா கூடுவதாகத் தோன்றுகிறதா என்பதில் அக்காளும் தம்பியும் ஒன்றுபடுவதில்லை.

சில இயந்திரங்களுக்குத் தனியர் வரிசை என்று ஒன்றுண்டு. உடன் வந்தோரைப் பிரிந்து, கிடைத்த காலியிடத்தில் அந்நியர் பக்கத்தில் அமர இசைந்தவர் விரைவாக உள்ளே செல்வதற்கான வழி அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடந்த அரைமணி நேரமாக நிற்கும் இணைக்கு இதனினும் ஏற்ற ஏற்பாடு இருக்க முடியாது. ஆயினும் அவ்விணை அதை நாடுவதில்லை. பேசாமல் நிற்பதற்கும் எதிரில் ஒருவர் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

4. இருக்கை உரிமை

லாமார்கஸ் தாம்சன் 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் அமைத்த தண்டவாளச் சறுக்குவண்டி, இன்றைய ரோலர் கோஸ்டரின் முன்னோடிகளுள் தலையாயது. ஐந்து சென்ட் கட்டணத்தில் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய அவ்வண்டியில், பயணிகள் நீண்ட பலகையில் பக்கவாட்டை நோக்கி அமர்ந்தனர். ஆகவே அக்காலத்தில் முன்னிருக்கை என்னும் சிக்கலே எழவில்லை. வண்டி முன்னோக்கித் திரும்பிய நாளிலிருந்துதான் மூத்தோர் உரிமை நுழைந்தது.

முன்னிருக்கை மூத்தவருக்கே என்பது வீட்டு ஸ்கூட்டர் காலத்தில் நிலைபெற்ற மரபாகும். ஆனால் ரோலர் கோஸ்டரின் இயக்கவியல் இம்மரபை மதிப்பதில்லை. நீண்ட வண்டித்தொடரின் முன்பகுதி உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும்போது கடைசி இருக்கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அது உச்சியை அடைவதற்குள் முன்பகுதி வேகம் பிடித்துவிடுவதால், பின்னால் இருப்பவர் உச்சியின் மேலாக இழுத்தெறியப்படுகிறார், வயிறு தொண்டைக்கு வரும் உணர்வும் அவருக்கே மிகுதியாக வாய்க்கிறது. முன்னிருப்பவருக்குக் காட்சியும் பின்னிருப்பவருக்கு விசையும் கிடைக்கின்றன என்க.

பின்னிருக்கையின் மேன்மை மருத்துவத்திலும் நிறுவப்பட்டுள்ளது. விடுமுறையில் ரோலர் கோஸ்டர் ஏறிய நோயாளிகளுக்குச் சிறுநீரகக் கல் இறங்கிவிட்டதாகக் கேள்வியுற்ற டேவிட் வார்ட்டிங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர், முப்பரிமாண முறையில் அச்சிடப்பட்ட மாதிரிச் சிறுநீரகம் ஒன்றை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் உள்ள பிக் தண்டர் மவுண்டன் இயந்திரத்தில் தம் உடனாய்வாளருடன் திரும்பத் திரும்ப ஏறினார். முன்னிருக்கையில் கல் இறங்கியது ஏறத்தாழ 17 விழுக்காடு, பின்னிருக்கையில் ஏறத்தாழ 64 விழுக்காடு. 2016இல் வெளியான இவ்வாய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2018இல் வழங்கப்பட்டது. எனவே மூத்தவர் என்ற உரிமையால் முன்னிருக்கையைப் பறித்துக்கொண்ட அக்காள், கல்லுடன் இறங்குவதற்கான வாய்ப்பையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறார்.

நம் களமான செந்தோசாப் பூங்காவின் கேனோபி ஃபிளையர் என்னும் தொங்குவண்டியில் பயணிகள் முதுகோடு முதுகு ஒட்டி அமர்வதால், ஒருவர் வரப்போவதையும் மற்றவர் கடந்துவிட்டதையும் மட்டுமே காண்கின்றனர். இறங்கியபின் இருவரும் வெவ்வேறு பயணங்களை விவரிப்பதும், இரண்டும் உண்மையாக இருப்பதும் இங்கு மட்டுமே நிகழும்.

5. பைக்காவல்

ஏறுவோரின் கைப்பை, தண்ணீர் பாட்டில், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் அமர்ந்திருக்கும் பணி, பைக்காவல் எனப்படும். "நீ போயிட்டு வாடா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்பது அக்காள் அப்பணியை ஏற்கும்போது கூறும் மூலபாடம். இதன் வெளிப்படைப் பொருள் விட்டுக்கொடுத்தல். உள்ளுறைப் பொருள் அச்சம். இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவது பொருள் ஒன்றுண்டு: தம்பி தனியாகச் சென்று மகிழ்ந்தமைக்கான கடன், அன்று மாலை முஸ்தபா கடையில் பெட்டி தூக்கும் வடிவில் திருப்பி வசூலிக்கப்படும் என்பது.

ஈண்டு ஒரு தடை எழும். பெரிய இயந்திரங்களின் வாயிலில் உடைமைகளை வைக்கப் பெட்டகங்கள் உள்ளன. குறிப்பிட்ட நேரம் வரை அவற்றுக்குக் கட்டணமும் இல்லை. அங்ஙனமாயின் பைக்காவல் எதற்கு என்பது. விடை எளிது. பெட்டகத்தில் பையை வைக்கலாம், பயத்தை வைக்க முடியாது. பை இல்லாவிடினும் அக்காள் எதையேனும் காப்பார். தம்பியின் செருப்பையாவது காப்பார்.

எனினும் பையை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுதலும் தகாது. ஜுராசிக் பார்க் மண்டலத்தில் வட்டமான தெப்பத்தில் நீரோட்டத்தில் செல்லும் சவாரி ஒன்றுண்டு. தெப்பம் தானே சுழல்வதால் யார் நனைவர் என்பதை எந்தச் சாமர்த்தியத்தாலும் தீர்மானிக்க இயலாது. அக்காள் வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டைத் தம்பி மறுத்துவிட்டுச் செல்வதும், தொப்பலாக நனைந்து திரும்புவதும், அக்காள் ஜிப் வைத்த உறையிலிருந்து காய்ந்த சட்டை ஒன்றையும் சிறிய ஈரிழைத் துண்டையும் எடுத்து நீட்டுவதும் வழக்கமான நிகழ்ச்சிகள். தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு தலையை மேலோட்டமாகத் துடைப்பார். "பின் மண்டை அப்படியே இருக்கு பாரு" என்று அக்காள் துண்டைப் பிடுங்குவார். அலுவலகத்தில் ஐம்பது பேருக்கு ஆணையிடும் தம்பி, அவ்வேளையில் வேறெதுவும் செய்யாமல் தலையைக் குனிகிறார். 20,000 பேரின் வினாத்தாள்களில் அகப்படாத பிறப்பு வரிசை, இக்குனிதலில் ஐயத்துக்கு இடமின்றி அகப்படுகிறது.

6. இருதட வழக்கு

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் தொலைக்காட்சித் தொடரின் பெயரால் அமைந்த இரட்டை ரோலர் கோஸ்டர் இவ்வாய்வின் உச்சமாகும்; பூங்காவின் உச்சமும் 42.5 மீட்டர் உயரமுள்ள அதுவே. சிவப்புத் தடத்தின் பெயர் ஹியூமன். அதில் சாதாரணமாக இருக்கையில் அமரலாம், தலைகீழாகும் இடமில்லை. நீலத்தடத்தின் பெயர் சைலான். அதில் கால்கள் தொங்கும், தடம் தலைக்கு மேலே இருக்கும், உடல் பலமுறை தலைகீழாகும். இரண்டும் ஒன்றையொன்று மோத வருவதுபோல் நெருங்கி விலகுமாறு வடிவமைக்கப்பட்டவை. 2013 ஜூலையில் மூடப்பட்டு 2015 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது, வரிசைக்கு நால்வர் அமர்ந்த வண்டிகளுக்கு மாற்றாக இருவர் அமரும் வண்டிகள் இடம்பெற்றன. யார் கண்ணை மூடினார் என்பதற்குப் பக்கத்தில் அமர்ந்த அந்நியர் இருவர் சாட்சியாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

நாளின் பெரும்பகுதி பையைக் காத்த அக்காள், பயந்தாங்கொள்ளி என்னும் ஒரு சொல் காதில் விழுந்தவுடன் பையைப் பெட்டகத்தில் தள்ளிப் பூட்டிவிட்டுச் சிவப்புத் தடத்துக்குச் செல்கிறார். தம்பி நீலத்தடத்துக்குச் செல்கிறார். வாயிலில் மீண்டும் சந்திக்கும்போது, அக்காள் கண்ணை இறுக மூடியிருந்ததைத் தாம் கண்டதாகத் தம்பியும், தம்பி "அம்மா" என்று அலறியதைத் தாம் கேட்டதாக அக்காளும் சாட்சியம் அளிக்கின்றனர். எதிரெதிரே விரையும் வண்டிகளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதும் குரலைப் பிரித்துணர்வதும் இயலாத செயல்கள். ஆகவே இருவர் கூறுவதும் பொய். அதே வேளையில் இருவரும் கூறுவது நடந்ததும் உண்மை, ஏனெனில் ஒருவர் எங்கே கண்ணை மூடுவார், எங்கே அலறுவார் என்பதை மற்றவர் பார்த்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை.

7. முடிபு

தம் தடமே கொடியது என்று இருவரும் வாதிடுகின்றனர். அக்காள் நீலத்திலும் தம்பி சிவப்பிலும் ஒருமுறை ஏறினால் இவ்வழக்குத் தீர்ந்துவிடும். பூங்கா மூடுவதற்கு நேரமும் இருக்கும், நுழைவுச்சீட்டும் செல்லும். ஆயினும் அதற்கு அக்காளும் இசைவதில்லை, தம்பியும் வற்புறுத்துவதில்லை. சீட்டுக்குக் கொடுத்த சிங்கப்பூர் வெள்ளியில் தம்பியின் பங்கை அக்காள் வாங்க மறுப்பதும், மதிய உணவுக்கான தொகையை அக்காள் நீட்டும்போது தம்பி கையைத் தட்டிவிடுவதும் இதே வகையைச் சார்ந்தவை. நண்பர்கள் கணக்கை முடித்துக்கொண்டு நண்பர்களாகத் தொடர்வர். உடன்பிறந்தாரோ முடிக்கக்கூடிய கணக்கை முடிக்காமல் வைத்திருந்து, அதை அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த கல்யாணத்துக்கும் எடுத்துச் செல்வர். ஆகவே இத்தகைய இணையுடன் செல்ல நேரும் மூன்றாமவர், எந்தத் தடம் கொடியது என்று அவர்களிடம் கேட்கலாம். இரண்டிலும் ஏறிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மட்டும் முற்படக்கூடாது என்பது இவ்வாய்வின் நடைமுறைப் பரிந்துரையாகும்.