ஆற்றுக்குக் கிடைத்த கவனிப்பு

ஜப்பானின் குசாட்சு வெந்நீர் ஊற்றுத் தண்ணீர், புளிப்பில் எலுமிச்சைச் சாற்றோடு போட்டி போடும். பிஎச் அளவு சுமார் 2. அதில் ஊறி எழுந்த பயணி நல்ல தண்ணீரில் உடம்பை அலசமாட்டார். சத்து போய்விடுமாம்! சாதுவான ஊற்றுகளில் அது சரி. இங்கே, மென்மையான தோல்காரருக்கு அரிப்பு இலவசம். இந்தத் தண்ணீர் கலக்கும் யுகாவா ஆற்றுக்கோ 1964 முதல் அன்றாடம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். ஆறு கொடுத்துவைத்தது.

பயணிக்கு வியர்த்துக் கொட்டி நா வறண்டிருக்கும். தண்ணீர் குடிக்கத் தோன்றாது, பீர் தோன்றும். தலை சுற்றினால், 'வைத்தியம் பலிக்கிறது' என்று பூரிப்பு வேறு. ஆனால் கந்தகம் பட்டு வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டதா? உடனே உட்கார்ந்து, பொறுமையாகத் தேய்த்துத் துடைப்பார்.