கானாங்கெளுத்தியின் பராக்கிரமம்: ஒரு விசாரணை

தூண்டிலை வயிற்றுப்பிழைப்பாக அன்றி விநோதமாகக் கைக்கொண்ட கனவான்கள், மீன்குலம் முழுவதையும் இரண்டு வர்ணங்களாகப் பிரித்து, கோலை வில்லாக வளைத்து மணிக்கட்டை நோகச் செய்பவற்றுக்கு 'வேட்டை மீன்' என்ற விருதையும், ஏனையவற்றுக்குக் குழம்புச் சட்டியையும் விதித்திருக்கிறார்கள். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் துரை, இந்தியத் தூண்டிற்கலையைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலில் மஹஸீர் என்னும் ஆற்று மீனுக்குச் செய்துவைத்த பட்டாபிஷேகம் இன்றும் செல்லுபடியாகிறது. கடலோரத்துக் கானாங்கெளுத்திக்கோ அப்படியொரு துரை வாய்க்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்திக்கவே இவ்வியாசம்.

முதலில் நாமவிசாரணை. கெளுத்தி என்றால் மீசை வேண்டும். இதற்கு மீசை கிடையாது. குமரிக்கரையில் அயிலை என்கிறார்கள். அது வம்பில்லாத பெயர். ஆனால், விசாகப்பட்டினத்து மீன்களைச் சித்திரங்களோடு 1803இல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் வைத்தியர், தெலுங்குச் செம்படவர் வழங்கிய 'கனகுர்த்த' என்ற பெயரை அப்படியே எழுதிவைக்க, பாரிஸ் நகரத்துக் குவியே பண்டிதர் 1816இல் அதையே சாஸ்திர நாமத்தில் பதித்துவிட்டபடியால், லத்தீன் சபையிலே நம் கீழ்க்கரைச் சொல்லொன்று உப்புநீர் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்திருக்கிறது. கனகுர்த்தவும் கானாங்கெளுத்தியும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பதற்குக் காதே பிரமாணம். மீசையில்லாக் கெளுத்தி பிறந்த ரகசியமும் இதுவே என்பது என் துணிபு. மறுப்பவர்கள் மீசையைக் கொண்டுவந்து காட்டட்டும்.

இனிப் பூர்வபக்ஷம். 'சாண் நீள மீனுக்கு வீரம் ஏது?' என்பர் சிலர். சூரையும் வஞ்சிரமும் இதன் பங்காளிகள் என்பதை அவர்கள் மறந்தார்கள். வாலை நோக்கி முதுகில் ஐந்தும் வயிற்றுப்புறம் ஐந்துமாக வரிசையிட்ட குறுந்துடுப்புகளே அதற்குக் குலமுத்திரை. தேகப் பிரமாணத்தைக் கொண்டு பராக்கிரமத்தை அளப்பது, நெல்லளக்கும் மரக்காலால் மிளகாயின் காரத்தை அளப்பதற்கு ஒப்பாகும்.

'செவுள் முட்களால் கடல்நீரை வடிகட்டி, மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும் சாதுப் பிராணி தூண்டிலைக் கவ்வுமோ?' என்பது அடுத்த ஆக்ஷேபம். இது சற்றுக் கனமானது. 'ராஸ்ட்ரெல்லிகர்' என்ற அதன் கோத்திரப் பெயருக்கே சருகுவாரியைத் தாங்கியவன் என்றுதான் பொருள். ஆயினும் வளர்ந்த மீன் இறால் குஞ்சையும் மீன் குஞ்சையும் விடுவதில்லை; ஆகவே, இரையே இல்லாமல் வெள்ளைக் கோழியிறகின் துணுக்கைக் கட்டிய முள்ளையும் குஞ்சென்று மயங்கிக் கவ்வுகிறது.

பிரத்தியக்ஷப் பிரமாணமும் உண்டு. ஒரு விடியற்காலையில் கட்டுமரத்தில் உட்கார்ந்து, ஐந்து முள் கட்டிய தங்கூசியை ஈயக்குண்டோடு இறக்கி, ஆட்காட்டி விரலில் தாங்கியிருந்தேன். முதலில் நூல் தளர்ந்தது. மீன் குண்டையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அடுத்த கணம், ஓடும் தையல் இயந்திரத்தைத் தொட்டாற்போல விரல் முழுதும் அதிர்ந்தது. பதறிச் சுண்டினேன், அதன் மெல்லிய உதடு கிழிந்து, வெறும் முள் வந்தது. மறுமுறை சுண்டாமல் நிதானமாகக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன். மரத்தில் விழுந்த பிறகும் வாலின் படபடப்பு ஓயவில்லை. நீலப்பச்சை முதுகும், அதன்கீழ்ப் பொன் ரேகைகளும், மார்புத் துடுப்பின் ஓரத்தில் யாரோ வைத்த திருஷ்டிப் பொட்டு போல ஒரு கரும்புள்ளியும்!

வென்ற மீனை உயிரோடு நீரில் விடுவதே விநோதத் தூண்டிலின் பரமதர்மம் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாஸ்திரத்துக்குப் பங்கம் வராதிருக்க அதை இரு கைகளிலும் ஏந்தி அலையின் மேல் நீட்டியபோது, கட்டுமரக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, விளையாடினது போதும். வெயில் ஏறினா மீன் குழைஞ்சிடும். கூடையில போட்டு ஈரச்சாக்கை மூடுங்க."

போட்டேன். அன்று மத்தியானம் மாங்காய் போட்டு வைத்த குழம்பின் முன்னிலையில், தர்மவிசாரணை என்னும் இவ்வியாசத்தின் மூன்றாம் பிரகரணம் எழுதப்படாமலே நின்றுவிட்டது.