பட்டா என் பேரில்

கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினால் பத்திரத்தில் எல்லாம் எழுதியிருக்கும். கிணறு, வேலி, பக்கத்துக்காரரின் வண்டிப்பாதை உரிமை, மின்கம்பி போகும் வழி. மண்ணுக்கு மூன்றடிக் கீழே ஒரு பெருங்குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். பட்டா நம் பேரில். அனுபவ பாத்தியதை தரை அணிலுக்கு.

நம் ஊர் அணிலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். இதற்கு முதுகில் கோடு கிடையாது. பழுப்பு உடம்பில் வெளிறிய புள்ளிகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், புசுபுசுவென்று வால். மரமேறத் தெரியும், மாதுளைக்கும் பாதாமுக்கும் ஏறும், ஆனால் குடித்தனம் வளைக்குள்தான். ஒரு வளை முப்பது அடிக்கு மேலும் ஓடும். வருஷத்துக்கு ஒரே பிரசவம். அதைக் கேட்டு ஆறுதல் அடைவதற்குள் ஒரு பிரசவத்தில் ஏழெட்டுக் குட்டிகள் என்பதும் தெரிந்துவிடும்.

நான் பாட்டுக்குச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மன்னார்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவில் வந்த பிறகுதான் இது போராக மாறியது. மாமா தஞ்சாவூர்க் கிட்டி செய்யத் தெரிந்த மனிதர். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, சாயங்காலம் வரப்பில் வைத்துவிட்டு வந்தால் காலையில் எலி கழுத்து நெரிபட்டுக் கிடக்கும். இங்கே மூங்கில் கிடைத்தது. கயிறும் கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் வளைக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு சாப்பிட்டார்.

காலையில் எல்லாக் கிட்டியும் வைத்தது வைத்தபடி இருந்தது. வெயில் ஏறியதும் அணில்கள் அடுத்த வாசல்கள் வழியாக வெளியே வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று எங்களைப் பார்த்தன.

"ராத்திரி என்ன பண்ணுதுங்க மாப்ள?"

"தூங்குதுங்க மாமா. பகல்லதான் வரும்."

"எலி ஜாதியில பொறந்துட்டு ராத்திரி தூங்குதா?" அவருக்கு அணில் மேல் இருந்த மரியாதை அன்றே போய்விட்டது.

அடுத்து கூண்டு வைத்தோம். உள்ளே வேர்க்கடலை. மறுநாள் நடுப்பகலில் ஒன்று மாட்டியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வண்டிய எடுங்க, நாலு மைல் தள்ளி விட்டுட்டு வந்துடலாம்" என்றார். அவர் சொன்னது நம் பண்பாடு. எலிப்பொறியில் விழுந்ததை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவோம். அடுத்த தெருக்காரர் அவர் வீட்டு எலியை நம் தெருவில் விடுவார். ஊரின் எலித்தொகை மாறாது, எல்லாருக்கும் காரியம் செய்த திருப்தி.

கலிபோர்னியா அரசாங்கத்துக்கு இந்தத் தத்துவம் பிடிபடவில்லை. பிடித்த காட்டுப் பிராணியை அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் விடுவது குற்றம். இரண்டே வழி: பிடித்த இடத்திலேயே விடலாம், அல்லது அது அதிகம் துன்பப்படாதபடி கொல்லலாம். கொல்வதற்குச் சட்டத்தில் தடையே இல்லை. குடிபெயர்த்தால்தான் தப்பு. மாமா இதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

யார் கொல்வது என்று பேச்சு வந்தபோது கூண்டு கார் ஷெட்டில் இருந்தது. பேச்சு நீண்டது. அதற்குள் அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் வைத்துவிட்டார். பொட்டுக்கடலை சாப்பிட்டவனை அடிப்பது எப்படி? சாயங்காலம் கூண்டைத் திறந்தோம். அது ஓடக்கூட இல்லை. நடந்து போனது.

பாம்பு என்ன செய்கிறது என்று மாமா கேட்டார். பாம்புக்குப் பஞ்சமில்லை, கிலுகிலுப்பைப் பாம்பே உண்டு. ஆனால் வளர்ந்த அணிலின் ரத்தத்தில் அந்த விஷத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறது. அது மட்டுமல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல்சூட்டை உணரக்கூடிய கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டால் அணில் வாலைச் சூடேற்றி ஆட்டும். சூட்டை உணராத பாம்பு என்றால் வெறுமனே ஆட்டும், சூட்டை வீணாக்காது. பாம்பு உரித்த சட்டையைக் கடித்து மென்று தன் மேலெல்லாம் பூசிக்கொள்ளவும் செய்யும். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமா கிட்டியின் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆந்தைப் பெட்டி வையுங்கள் என்றார் பக்கத்துக்காரர். நல்ல யோசனைதான், ஆந்தை எழும் நேரத்தில் அணில் படுத்துவிடுகிறது. போதாததற்கு, இதன் பழைய வளையில் குடியேறும் ஓர் ஆந்தை வகையே இங்கே உண்டு. வளை ஆந்தை. தானாகக் குழி தோண்டுவது அபூர்வம், உள்குத்தகைக்காரன். அதையும் சட்டம் காக்கிறது. புலிச் சாலமாண்டர் என்று பல்லி மாதிரி ஒன்று, அதுவும் இந்த வளைகளில்தான் வெயில் காலத்தைக் கழிக்கிறது, அதுவும் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. ஆக, மண்வெட்டியால் ஒரு வளையை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பது யார் என்று விசாரிக்க வேண்டும்.

விஷத்தின் கதையும் இப்படித்தான். விஷம் தின்ற பிராணியைத் தின்று மலைச்சிங்கமும் ஆந்தையும் செத்ததால் 2021 முதல் சில எலி விஷங்களுக்கும், 2024 முதல் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் தடை. மிச்சம் இருப்பதற்குப் பல்கலைக்கழகம் ஒரு கால அட்டவணையே போட்டிருக்கிறது, பஞ்சாங்கம் தோற்றது. வசந்தத்தில் பச்சைப் புல்லைத் தின்பதால் அணில் தானியத்தைத் தொடாது, விஷ தானியம் வீண். அப்போது புகை போடலாம், ஈர மண் புகையைப் பிடித்துவைக்கும். கோடையில் தானியம் தின்னும், ஆனால் மண் வெடித்துவிடும், புகை நிற்காது. குளிர்காலத்தில் மண்ணால் கதவடைத்துவிட்டுத் தூங்கும், அப்போது எதுவும் எட்டாது. கடும் கோடையிலும் வளர்ந்தவை, முக்கியமாக ஆண்கள், இன்னொரு தூக்கம் போடும்.

இந்த மாநிலம் முயலாமல் இல்லை. 1918-ல், உலகப் போர் நடக்கும்போது, அணில் வாரம் என்று ஒன்றைப் பள்ளிக்கூடங்களில் அறிவித்தார்கள். கோதுமையைத் தின்பவன் எதிரிக்கு உதவுபவன் என்று அணிலுக்கு ஜெர்மானியப் படைத்தொப்பி மாட்டிச் சுவரொட்டி அடித்தார்கள். பிள்ளைகள் கொன்று, கணக்குக்கு வாலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1,04,509 வால் சேர்ந்தது என்கிறார்கள். போரில் ஜெர்மனி தோற்றது. அணில் தோற்கவில்லை. மாமாவுக்கு இந்தச் செய்தியில் ஒரே ஓர் இடம்தான் பிடித்தது: "வாலுக்குக் கணக்கு எங்க பக்கத்துலயும் உண்டு மாப்ள."

2024-ல் இன்னொரு செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிப் பூங்கா ஒன்றில் இந்த அணில்கள் வயல் சுண்டெலியைத் துரத்திப் பிடித்துத் தின்பதை ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்தார்கள். நான் அதைச் சொன்ன நாள் முதல் அத்தை பொட்டுக்கடலையை நிறுத்திவிட்டார். கவுச்சி தின்பதற்கு எதற்குப் பொட்டுக்கடலை என்று கேட்டார்.

உண்மையில் அத்தைக்கு வேறு கணக்கு இருந்தது. இங்கே கோடை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், காற்றில் ஈரமே இருக்காது. வடகத்துக்கு இப்படி ஒரு வெயில் காவிரிக் கரையில் கிடைக்காது என்று வந்த நாளிலிருந்து பூரித்துக்கொண்டிருந்தார். முதல் ஈடு கூழ் வடகத்தை வேட்டியில் பிழிந்து, ஓரமாக மோர் மிளகாயும் பரப்பினார். மத்தியானம் போய்ப் பார்த்தால் வடகம் முழுக்கக் காலி. மோர் மிளகாயில் ஒன்று பாதி கடிபட்டிருந்தது. மற்றவை வரிசை குலையவில்லை.

அத்தை யாரையும் திட்டவில்லை. பல்கலைக்கழக அட்டவணையை அச்செடுத்துத் தரச் சொன்னார். அதைத் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, பெரியவை தூங்கும் மாதங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தை யாராவது ஒருவர் பயன்படுத்தினார் என்றால் அது அவர்தான். ஆகஸ்டில் இரண்டாம் ஈடு போட்டார்.

அந்த வருஷத்துக் குட்டிகள் கோடையில் தூங்குவதில்லை என்பது அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இப்போது வடகம் கார் கூரையின் மேல் காய்கிறது. மாமா நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார், மடியில் கிட்டி. கடைக்குப் போக வேண்டும் என்றால் நான் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.