நூறு மீட்டருக்கு அப்பால்

பள்ளிக்கூட விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, அனகாபுத்தூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் மலைக்குப் போவோம். அடிவாரத்தில் மண்ணைக் கிளறினால் பழங்காலத்து எலும்பு கிடைக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். கிடைத்ததென்னவோ ஓட்டுச் சில்லுதான். தண்ணீரில் தவளை விட அதுபோல் வாகான பொருள் இல்லை. திரும்பி வந்து அடையாற்றில் எறிந்து தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அதற்கு இரண்டாயிரம் வயது இருக்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், இன்னும் உற்சாகமாக எறிந்திருப்போம்.

1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் பல்லாவரம். பிறகு அலெக்சாண்டர் ரியா அங்கே தோண்டியபோது, வரிசையாகக் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழை வெளியே வந்தது. அந்த மாதிரிப் பேழையை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எங்களையும் பள்ளியில் அழைத்துப் போனார்கள். நாங்கள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடிவிட்டோம்.

அதே கூட்டாளிகள், அறுபதைத் தொட்ட பிறகு, பாஸ்போர்ட் எடுத்து, பணம் கட்டி, கல்லறை பார்க்க எகிப்துக்குப் போனோம்.

கீசாவில் கூஃபு மன்னனின் பிரமிடு. சுமார் 23 லட்சம் கற்கள். கட்டி முடித்தபோது உயரம் 146 மீட்டர். வழிகாட்டி சொன்ன எண்களையெல்லாம் பக்தியோடு கேட்டுக்கொண்டோம். உள்ளே போக முதுகை வளைத்துக்கொண்டே ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் மூடியில்லாத ஒரு கருங்கல் பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு ரியாவின் மண்பெட்டி தேவலை என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை, டிக்கெட் விலை அப்படி.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எங்களோடு வந்திருந்தான். அவன் அப்பா நைஜீரியாவுக்குப் போகும் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி நெய்தவர். மறுநாள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் நாங்கள் ஒரு மன்னனின் மம்மி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அதைச் சுற்றியிருந்த துணியிலேயே கண்ணாக இருந்தான். ஆளிநார் நூல். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இழை எண்ணினான். “பாவு நல்ல நெருக்கம்டா. ஆனா ஊடை அங்கங்க தளர்ந்திருக்கு, பாரு. எங்கப்பாவா இருந்தா அவுத்துட்டு மறுபடி நெய்யச் சொல்லியிருப்பாரு” என்றான். மூவாயிரம் ஆண்டு கழித்து இப்படி ஒரு புகார் வரும் என்று அந்த மன்னன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

இன்னொருவன் கட்டட மேஸ்திரியாகத் தொடங்கி ஒப்பந்தக்காரராக உயர்ந்தவன். பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990-இல் ஒரு குதிரை கால் இடறியதால் வெளிப்பட்டன என்று வழிகாட்டி சொன்னதும், “நம்ம ஊர்ல அஸ்திவாரம் தோண்டினா வரும், உடனே வேலைய நிறுத்திடுவான்” என்று பெருமூச்சு விட்டான். ஆனால் ஸ்பிங்க்ஸுக்கு எதிர்ப்புறம், சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளையும் பிட்ஸா கடையையும் பார்த்து அதிகம் கொதித்தவனும் அவன்தான். “இவ்ளோ பக்கத்துல கட்ட விடலாமா? அரசாங்கம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” என்றான். திரும்ப ஹோட்டல் வரும்வரை அடங்கவில்லை.

பல்லாவரத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மேஸ்திரியின் மனை முதல் நூறுக்குள் மாட்டிக்கொண்டது.

ஊர் திரும்பிய வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு மனு அனுப்பினான்: மக்கள் குடியிருக்கும் இடத்தில் செத்தவர்களுக்கு எதற்கு இத்தனை இடம், எல்லையைக் குறைக்க வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போடவும். அனுப்பியவனின் முகப்புப் படத்தில், கூலிங் கிளாஸ் போட்ட அவன் தலைக்குப் பின்னால் கூஃபுவின் பிரமிடு. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பதில் போடவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் தங்கை வீடும் மேஸ்திரியின் மனை இருக்கும் தெருவில்தான் இருக்கிறது, மாடி எடுக்க வேண்டும்.